யப்பானிலே நம் பாட்டு விலைபோகுமா?

காத்தான்குடியிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, ஆரையம்பதியை அடுத்துள்ள மண்முனையை அடைவோர், மட்டக்களப்பு வாவியின் குறுக்கே நீண்டு கிடக்கும் பாலமொன்றைக் காண்பர். யப்பானிய அரசின் நன்கொடையால் எழுந்து, 2014ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பாலம் அது. அதற்கு முன்னர் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக வேண்டியவர்கள், 'பாதை' என்று நம்மூரார் வழங்கும் மிதவையை எதிர்பார்த்துக் கரையிலே காத்து நின்றனர். இன்றோ நினைத்த நேரத்தில் அக்கரை சேரலாம். ஆயினும் அக்கரையில் நம்மை வரவேற்பார் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. பாலம் அதற்குப் பொறுப்பாகாது.

இந்த உண்மையை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. யப்பானிய சித்திரப்படங்களைப் பார்த்தும், அவற்றின் பாடல்களைக் கேட்டும் வளரும் மாணவர் கூட்டம் ஒன்று நம்மிடையே தோன்றியிருக்கிறது. யப்பானிய மொழி நம் நாட்டின் க. பொ. த. உயர்தரப் பாடங்களுள் ஒன்று. தொழில்தேடி அந்நாட்டுக்குச் செல்வதற்கான உடன்படிக்கையும் 2019இல் இரு அரசுகளுக்குமிடையே கைச்சாத்தாயிற்று. ஆகவே, வீட்டின் ஒரு மூலையிலே கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டும் இளைஞன் ஒருவன், "என் பாட்டையும் யப்பானியர் கேட்க மாட்டாரா?" என்று வினவுவதில் வியப்பில்லை. எந்த நிறுவனத்தையும் சாராமல், தன் கையையே நம்பி நிற்கும் கலைஞனுக்கு அங்கே இடம் உண்டா? அதற்கென வீட்டிலிருந்து வாங்கிச் செலவிடும் பணம் திரும்பி வருமா? இவ்விரண்டு கேள்விகளையும் இந்த வாரம் நாம் ஆராய்வோம்.

முதலிலே அச்சந்தையின் இயல்பை அறிதல் வேண்டும். ஒலிப்பதிவு இசையின் வியாபாரத்திலே அமெரிக்காவுக்கு அடுத்த இடம் யப்பானுக்கே உரியது. உலகின் பிற நாடுகள் பலவற்றில் இறுவட்டுக் கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. அங்கோ 2024ஆம் ஆண்டிலும் இசை வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இறுவட்டு முதலான கைப்பொருள்களாலேயே கிடைத்தது. 'டவர் ரெக்கோர்ட்ஸ்' என்னும் புகழ்பெற்ற இசைக்கடை அமெரிக்காவில் 2006இல் கடைகளை மூடிவிட்டது. டோக்கியோ நகரத்து ஷிபுயாவிலே அதே பெயரில் அமைந்த கடை பல மாடிகளுடன் நிமிர்ந்து நிற்கிறது. அத்தகைய கடைகளிலே பணிபுரிவோர், தாம் கேட்டு மகிழ்ந்த பாட்டைப் பற்றிச் சிறு அட்டையில் தம் கைப்பட எழுதித் தட்டின் அருகே வைப்பர். அந்தக் கையெழுத்தை நம்பி வாங்குவோர் அநேகர். விளம்பரப் பலகையைவிட அறிந்தவர் சொல்லுக்கு மதிப்பளிக்கும் சந்தை அது.

இரண்டாவது இயல்பு, யப்பானியர் பெரும்பாலும் தம் மொழிப் பாடல்களையே விரும்பிக் கேட்பவர் என்பது. மூன்றாவது, அங்கே பாட்டு தனியே நடப்பது அரிது. தொலைக்காட்சி நாடகம், சித்திரப்படம், சவர்க்காரம் அல்லது குளிர்பான விளம்பரம் என ஏதேனும் ஒன்றுடன் அதனைப் பிணைத்து வெளியிடுவர். 'டையப்பு' என்று அதற்குப் பெயர். பெரிய நிறுவனங்களுக்கு அந்த வாசல் எளிதிலே திறக்கும். தனியனுக்கு அது திறவாது. ஆயின் தனியன் எந்த வாசலால் நுழைந்தான் என்று பார்ப்போம்.

யொக்கொஹாமா நகரத்திலே இசெசாக்கிச்சோ என்றொரு கடைத்தெரு இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் இரண்டு இளைஞர்கள், இரவிலே பெருங்கடை மூடப்பட்ட பின், அதன் வாயிலில் கிற்றாரும் கையுமாக நின்று பாடத் தொடங்கினர். 'யூசு' என்பது அவர்கள் சோடிக்குப் பெயர். கேட்க நின்றவர் ஆரம்பத்திலே விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்கள் இடத்தை மாற்றவில்லை, வழக்கத்தை விடவில்லை. அதே தெருவிலே, அதே இரவுகளிலே, அதே முகங்களின் முன்னே பாடினர். கேட்டவர் அடுத்த முறை ஒரு நண்பரையும் உடனழைத்து வந்தார். 1998 ஓகஸ்ட் 30ஆந் திகதி அவர்கள் அத்தெருவிலே இறுதியாகப் பாடியபோது, கொட்டும் மழையிலே ஏறத்தாழ 7,500 பேர் திரண்டனர் என்பர். 

தெருவுக்கு அடுத்தபடி 'லைவ் ஹவுஸ்' எனப்படும் சிறு இசைக்கூடங்கள் உள்ளன. நூறோ இருநூறோ பேர் நின்று கேட்கக்கூடிய கூடங்கள். இங்கே புதியவன் அறிந்திருக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு; அதற்கு 'நொருமா' என்று பெயர். மேடை ஏறும் குழு இத்தனை சீட்டுகளை விற்றே ஆக வேண்டும் என்று கூடத்தார் வரையறுப்பர். உதாரணமாக, இருபது சீட்டு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டே விற்றால், எஞ்சிய எட்டுக்கும் பாடியவனே பணம் கட்ட வேண்டும். பாடியவனுக்குப் பணம் கிடைப்பதற்குப் பதிலாகப் பாடியவனே பணம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை அந்நாட்டுக் கலைஞர்களிலேயே பலர் வெறுக்கின்றனர். எனினும், பாட்டு முடிந்ததும் அவர்கள் ஓடி ஒளிவதில்லை. வாயிலருகே சிறு மேசை போட்டு, இறுவட்டும் சட்டையும் விற்றபடி, வந்தவர் ஒவ்வொருவருக்கும் தலைதாழ்த்தி நன்றி கூறுவர். சீட்டிலே இழந்ததை அந்த மேசையிலே மீட்பவர் உளர். பணத்தைவிடப் பெரிய இலாபமும் அங்கே உண்டு: அடுத்த முறை வரப்போகிறவரின் முகத்தையும் பெயரையும் அறிந்துகொள்ளும் இடம் அதுவே.

வியாபாரத்தை உயிராகக் கொண்ட காத்தான்குடிக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? புடைவைக் கடையிலே தலைமுறை தலைமுறையாக அமர்ந்திருப்பவரைக் கேளுங்கள். பெருநாளைக்கு ஒருமுறை வந்து போகும் ஆயிரம் பேரைவிட, பிள்ளைக்குச் சுன்னத்து என்றாலும், மகளுக்குக் கலியாணம் என்றாலும் தம் கடையையே தேடி வரும் ஐம்பது குடும்பங்களே கடையைத் தாங்கும் தூண்கள் என்று அவர் கூறுவார்.

பெருநகரத்தாருக்கே இவையெல்லாம் கைகூடும் என்று எண்ணுவோரும் இருக்கலாம். அவர்கள் ஒக்கினாவாவின் கதையைக் கேட்க வேண்டும். டோக்கியோவுக்குத் தென்மேற்கே, கடலிலே வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் தீவுக் கூட்டம் ஒக்கினாவா. அங்கே பள்ளி மாணவராயிருந்த இளைஞர்கள் 1998இல் 'மொங்கொல் 800' என்ற குழுவை அமைத்தனர். 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே 'மெசேஜ்' என்னும் இறுவட்டைப் பெரிய நிறுவனம் எதன் துணையுமின்றி வெளியிட்டனர். தலைநகரத்துக்குக் குடிபெயரவும் அவர்கள் அவசரப்படவில்லை. முதலிலே சொந்தத் தீவின் பிள்ளைகள் அப்பாடல்களைப் பாடினர். பின்னர் கடல் கடந்து செய்தி பரவிற்று. 1968 முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டு வரும் 'ஒரிக்கொன்' பட்டியலிலே 2002இல் அது முதலிடத்தை அடைந்தது. தனித்து நின்றோரின் இறுவட்டு அவ்விடத்தைப் பிடித்தது அதுவே முதன்முறை. விற்பனையோ 20 இலட்சத்தைத் தாண்டியது. ஊரார் பாடாத பாட்டை உலகத்தார் பாடுவது அபூர்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இணையத்தின் வழியைக் காண்போம். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சப்போரோ நகரத்து நிறுவனம் ஒன்று 'ஹாத்சுனே மிக்கு' என்னும் கணினிக் குரலை வெளியிட்டது. பாட வராதவனும், பாடகரை அமர்த்த வசதியற்றவனும் தன் அறையிலிருந்தே பாட்டுக்குக் குரல் கொடுக்க அது வழிசெய்தது. 'ஹச்சி' என்ற புனைபெயரில் 2009 முதல் அத்தகைய பாடல்களை இணையத்தில் இட்டு வந்த இளைஞரே, பிற்காலத்தில் 2018இன் 'லெமன்' பாடலால் நாடறிந்த யொனேசு கென்ஷி. அவ்வாறே கணினிக் குரலுக்குப் பாட்டமைத்து வந்த அயாசே என்பவரை நிறுவனம் ஒன்று தேடி வந்தது. அவரும் பாடகி இக்குராவும் இணைந்த 'யோஅசோபி'யின் முதற் பாட்டு 2019 டிசெம்பரில் வெளிவந்து, இறுவட்டு எதுவுமின்றியே 2020ஆம் ஆண்டின் 'பில்போர்ட் யப்பான்' பட்டியலில் முதலிடம் பெற்றது.

இன்னுமொருவரைப் பெற்றோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒக்கயாமா மாகாணத்திலே சத்தோஷோ என்னும் சிற்றூரில், கோப்பிக்கடை நடத்திய குடும்பத்தில் 1997இல் பிறந்தவர் ஃபுஜீ காசே. தந்தையின் ஊக்குதலால், பன்னிரண்டு வயதிலேயே பியானோ வாசித்துப் பாடுவதைக் காணொளியாக்கி யூடியூபில் இடத் தொடங்கினார். அது 2010ஆம் ஆண்டு. அவருடைய முதற் பாட்டுத் தொகுதி வெளிவந்தது 2020இல். இடையிலே கழிந்தவை பத்து வருடங்கள். அத்தொகுதியிலிருந்த ஒரு பாட்டு, வெளிவந்து இரண்டு வருடங்களுக்குப் பின்னர், தாய்லாந்திலே கேட்போரிடம் பற்றிப் படர்ந்து உலகெங்கும் ஒலித்தது. ஓரிரவிலே வந்த புகழ் என்று பத்திரிகைகள் எழுதலாம். தந்தையும் மகனும் அந்தப் பத்து வருடங்களை எண்ணியிருப்பர்.

யப்பானியர் அயல்மொழிப் பாட்டை அறவே ஒதுக்குபவர் என்றும் கொள்ளலாகாது. ரஜினிகாந்த் நடித்த 'முத்து' திரைப்படம் 1998ஆம் ஆண்டிலே ஷிபுயாவின் திரையரங்கொன்றில் திரையிடப்பட்டு மாதக்கணக்கில் ஓடியது. தமிழ் அறியாத யப்பானியர் ஏ. ஆர். ரஹ்மானின் இசைக்கு ஆடக் கற்றனர். அங்கே பாட்டைச் சுமந்து சென்றது படம். நாம் முன்னர் கூறிய பிணைப்பு என்பது இதுதான். தனிக் கலைஞன் பெரும் படத்துக்கு எங்கே போவான்? குறும்படம் எடுக்கும் மாணவன், கணினி விளையாட்டுச் செய்யும் தோழன், பயணக் காணொளி எடுப்பவன் ஆகியோருடன் சேரலாம். சிறு தோணியும் தோணிதானே.

மொழி குறித்து ஒரு வார்த்தை. யப்பானியருக்குப் பாட்டனுப்புபவன், தன் பெயரையும் பாட்டின் பெயரையும் அவர்களுடைய 'கத்தக்கானா' எழுத்திலே எழுதிக் கொடுத்தல் இன்றியமையாதது. தேடுபவர் தம் எழுத்திலேயே தேடுவர். பாட்டின் பொருளை நாலு வரியில் யப்பானிய மொழியிலே சொல்லி, 'கேட்டமைக்கு நன்றி' என்று முடித்தல் அங்கே வெறும் உபசாரமன்று, அறிமுகமே அதுதான். அவர்கள் மொழியிலேயே ஒரு சரணம் எழுத விரும்பும் மாணவருக்கு நமது இலக்கணம் கைகொடுக்கும். நாம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை எண்ணுகிறோம். யப்பானியரும் அவ்வாறே நெட்டுயிரை இரண்டாக எண்ணுவர். ஒற்றுக்கு நாம் அரை மாத்திரை கொடுக்க, அவர்கள் முழுதாக ஒன்று கொடுப்பர். ஐந்து, ஏழு, ஐந்து என்று அமையும் அவர்களது ஹைக்கு இந்தக் கணக்கிலே பிறந்ததுதான். மாத்திரையைச் சரியாக எண்ணத் தெரிந்தவன் மெட்டிலே சொல்லை நசுக்க மாட்டான்.

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லையா? உண்டு. 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் மாணவராயிருந்த நித்தி கனகரத்தினம், சக மாணவர் நடுவே பாடத் தொடங்கியவைதான் 'சின்ன மாமியே' முதலான தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள். அவை நாடு முழுதும் பரவின. பின்னர் ஏ. ஈ. மனோகரன் பிரபலப்படுத்திய 'சுராங்கனி' கடல் கடந்து பல மொழிகளிலே ஒலித்தது. ஆனால் அதனை முதலிலே புனைந்தவர் யார் என்று கேட்டால், தயங்காமல் விடை கூறுவோர் சிலரே. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2020இல் சதீஷன் பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாட்டு, 2021 மே மாதத்தில் யொஹானி பாடிய காணொளியால் இந்தியா முழுதும் பரவிற்று. அப்பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், முதலிலே பாடியவர் ஆகியோரின் பெயர்கள் காணொளியுடன் பதிவாகியிருந்தமையால், புகழ் பெருகியபோது அவர்களும் அறியப்பட்டனர்.

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் விடயம் இருக்கிறது. புகழ் வருவதும் பணம் வருவதும் ஒன்றல்ல. தீயும் அறிவும் பாடிய 'எஞ்ஜாய் எஞ்சாமி' 2021இல் வெளிவந்து கோடிக்கணக்கானோரை அடைந்தது. அப்பாட்டால் தமக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் பகிரங்கமாகக் கூறினார். பெயர்பெற்றோருக்கே இவ்வாறாயின், பெயர் தெரியாத இளைஞன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டு ஆக்கப்பட்ட கணத்திலேயே அதன் உரிமை ஆக்கியோனைச் சேர்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். இலங்கையும் யப்பானும் பேர்ன் உடன்படிக்கை நாடுகள். யப்பான் 1899இலும், நாம் 1959இலும் அதிற் சேர்ந்தோம். ஆதலால் காத்தான்குடியிலே பிறந்த பாட்டுக்கு டோக்கியோவிலும் காவல் உண்டு. ஆனால் கையொப்பமிட்டு அக்காவலை நாமே விட்டுக்கொடுத்தால் சட்டம் என் செய்யும்? ஆகவே மெட்டு யாருடையது, சொல் யாருடையது, வாசித்தவர் யார், வருமானத்திலே யாருக்கு எத்தனை பங்கு என்பவற்றை, பாட்டு வெளிவருமுன் ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிட வேண்டும். நண்பர்களுக்கிடையே எழுத்து எதற்கு என்பது பெருந்தன்மை போலத் தோன்றும். நட்பு நிலைக்க வேண்டுமாயின் எழுத்து வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிவின்றிக் கூறுவோம். ஸ்பொட்டிபை போன்ற இசைத்தளங்களிலே பாட்டை ஏற்றுவதற்கு முகவர் நிறுவனங்கள் உள்ளன. யப்பானிலும் 2012 முதல் 'டியூன்கோர் ஜப்பான்' அவ்வேலையைச் செய்கிறது. ஏற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. ஆனால் ஸ்பொட்டிபை 2024ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது: பன்னிரண்டு மாதத்திலே ஆயிரம் தடவையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு வருமானம் கிடையாது. இதையறிந்த சிலர், 'ஆயிரம் ரூபாவுக்கு இத்தனை ஆயிரம் கேள்வியாளர்' என்று கடைவிரிக்கின்றனர். அவர்கள் தருவது மனிதரை அன்று. இயந்திரத்தின் போலிக் கணக்கை. அக்கணக்கு பிடிபட்டால் பாட்டே நீக்கப்படும்; அபராதமும் விதிக்கப்படும். தகப்பனார் மணல்நாட்டிலே வெயில் குடித்து அனுப்பிய பணத்தை இவ்வாறு இயந்திரத்தின் வாயிலே இடுதல் கொடுமை அன்றோ? அதே பணத்திலே நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கலாம்; யப்பானிய மொழி வகுப்புக்கு ஆறு மாதக் கட்டணம் செலுத்தலாம். பாட்டு விலைபோகாவிடினும் மொழி கையிலே நிற்கும்.

பாட்டுக்கு முதற்பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்போருக்கு, ஊரையே காட்டுவோம். றபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத்து, பெண்களின் தாலாட்டு, வயற்காட்டிலே ஒருவருக்கொருவர் எதிரெதிராய்க் கட்டும் கவிகள் என்று கிழக்கிலங்கை முஸ்லிம்களின் செல்வம் பெரிது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திருக்கின்றனர். இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்பதிலே நம் குடும்பங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அது அவரவர் வீட்டு நெறி, நாம் அதிலே தலையிடோம். குரலும் தோற்கருவியுமே போதும் என்போருக்கும் மேற்கூறிய வழிகள் பொருந்தும். யப்பானியரைப் போலப் பாடும் யப்பானியர் யப்பானிலே ஏராளம். காத்தான்குடியாரைப் போலப் பாடுபவர் அங்கே ஒருவருமில்லை.

ஆகவே மாணவர்களே, யப்பானுக்குப் பாட்டனுப்பத் துடிப்பவர் இம்மாதம் ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு "அடுத்தது எப்போது?" என்று தாமாகவே கேட்டவர்களின் பெயரை எழுதுங்கள். சொந்தக்காரரை அதிலே சேர்க்க வேண்டாம். பத்துப் பெயர் தேறினால், அந்தப் பத்துப் பேருக்கும் அடுத்த பாட்டை முதலிலே கொடுங்கள். பெயர் ஒன்றும் தேறாவிட்டால், விளம்பரத்துக்கு ஒரு சதமும் செலவிடாமல் பாட்டைத் திருத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளை பணம் கேட்கும்போது, 'இல்லை' என்று சொல்வதற்கு முன் அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலே பெயர்கள் வளர்ந்திருந்தால், நம்பிக் கொடுக்கலாம்.